அப்பா யாருக்கும் கொடுக்காத நட்சத்திரம்

பாண்டி பஜார் துணிக்கடையில் பில் போடும் இடம். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். முன்னால் நின்று என் அப்பா சண்டை போட்டுக்கொண்டிருப்பார். விஷயம் எப்போதும் ஒன்றுதான். பில் போடும் பெண் போன் நம்பர் கேட்டிருப்பாள்.

"துணிக்குக் காசு குடுத்தாச்சு. நம்பர் எதுக்கும்மா?"

"சிஸ்டம்ல கேக்குது சார். நம்பர் போட்டாத்தான் பில் வரும்."

"உன் சிஸ்டம் எனக்கு மாமனா மச்சானா? எல்லாம் ஒம்போதுன்னு அடிச்சுக்கோ."

அந்தப் பெண்ணும் வரிசையாக ஒன்பதைத் தட்டுவாள். பில் வந்துவிடும். ஏதோ கோட்டையைப் பிடித்தவர்போல அப்பா பையை வாங்கிக்கொண்டு வெளியே வருவார். அம்மாவும் நானும் அதற்குள் தள்ளிப் போய், அவர் யாரோ நாங்கள் யாரோ என்பதுபோல நின்றிருப்போம்.

இத்தனைக்கும் அப்பாவுக்கே தி.நகரில் கடை இருக்கிறது. சேலைக்கு ஏற்ற பிளவுஸ் துணியும் லைனிங்கும் விற்கும் சின்னக் கடை. அங்கேயும் பில் போடும்போது நம்பர் கேட்பார்கள். "அது என்னவாம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அது ஆடித் தள்ளுபடிக்கு மெசேஜ் அனுப்ப. அவங்க நன்மைக்குத்தானே" என்றார். எங்கள் கம்பெனியும் அதையேதான் சொல்கிறது, கொஞ்சம் நீளமாக.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில், போன் செயலிகள் காட்டும் நிபந்தனைகளைத் தமிழில் எழுதுகிறேன். யாரும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறார்களே, அதற்கு மேலே இருக்கும் அத்தனையும் என்னைப் போன்றவர்கள் எழுதியது. 'உங்கள் தரவு உங்களுக்கே சொந்தம்' என்ற வாக்கியத்தை எத்தனை செயலிகளுக்கு எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது நிறுத்திக் கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

கேட்கவும் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, அப்பா டீக்கடையில் நிற்பார். என்னையும் இழுத்துப் போவார். அங்கே கூடும் கூட்டத்துக்கு உலகத்தில் தெரியாத விஷயம் கிடையாது. போட்டோவை ஏற்றினால் பொம்மைப் படமாக மாற்றிக் கொடுக்கும் செயலி வந்திருந்த சமயம் அது. அப்பா கொதித்துக்கொண்டிருந்தார். "நம்ம மூஞ்சியை எல்லாம் வெளிநாட்டுக்காரன் எடுத்துட்டுப் போறான். நாளைக்கு அதை வச்சு என்ன வேணா பண்ணுவான்."

ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நம்ம மூஞ்ச வச்சிக்கினு அவன் இன்னா நைனா பண்ணப் போறான்? என் பொண்டாட்டியே பாக்க மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "நீ சொல்லும்மா, இது உன் லைன்தானே" என்று என்னைப் பார்த்தார். நான் சட்டம் வந்திருக்கிறது, சம்மதம் கேட்க வேண்டும் என்றெல்லாம் ஏதோ சொன்னேன். "சம்மதம் கேக்காம யாரு எடுக்கிறா? கேக்கத்தான் செய்றான், நாமதான் படிக்கிறதில்லை" என்றார் இன்னொருவர்.

தேர்தல் வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. வீட்டு வாசலுக்கு வந்த கட்சிக்காரர் ஒருவர், எங்கள் வீட்டில் எத்தனை ஓட்டு, யாருக்கு என்ன வயது, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதுவரை கையில் இருந்த போனைப் பார்த்துப் படபடவென்று ஒப்பித்தார். "இதெல்லாம் உங்களுக்கு யாரு குடுத்தா?" என்று அப்பா எகிறினார். "எல்லார்கிட்டயும் கீது சார். நீங்க ஓட்ட மட்டும் போடுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார் அவர். அப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை. அவர் ஓட்டுப் போடவிருந்ததும் அந்தக் கட்சிக்குத்தான். அதுதான் அவரை ரொம்பக் குழப்பியது.

இப்படி இருக்கையில்தான் என் கல்யாண விஷயம் வந்தது.

என் ஆபீஸில் கூட வேலை பார்த்தவனை நான் விரும்பினேன். அடையாறில் வீடு, அப்பா இல்லை, அம்மா மட்டும். விசாரித்தால் எங்கள் ஆட்களாகவே இருந்தார்கள், அவர்களுக்கும் பூர்வீகம் தெற்கத்திச் சீமை. காதலித்தும் சாதி மாறவில்லையே என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் வீட்டில் சண்டை இருக்காது என்று நிம்மதி. ஒரே நாளில் இருவரும் அவரவர் வீட்டில் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. அவன் முந்திக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"அம்மாகிட்ட உன் பேரைச் சொன்னேன். ஊர் சொன்னேன். உடனே போனை எடுத்துத் தேடினாங்க. அதுல நீ இருந்தே."

"நான் எப்படி இருப்பேன்?"

"ஜாதகம், போட்டோ, எல்லாம். 'இந்தப் பொண்ணா? இதை எப்பவோ பார்த்து வேண்டாம்னு சொல்லியாச்சே. எட்டுல செவ்வாய்'ங்கிறாங்க."

அவன் தன் போனில் அதைக் காட்டினான். மாமா மகள் கல்யாணத்தில் எடுத்த படம், அரக்குப் பட்டில் நான். உயரம், எடை, நிறம், படிப்பு. போன முறை ஏறிய சம்பளம், அதை நான் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். 'வீட்டு வேலைகள் அனைத்தும் அறிந்தவர்' என்று ஒரு பச்சைப் பொய். கீழே கொட்டை எழுத்தில், 'தொடர்புக்கு' என்று போட்டு, எந்தக் கடையிலும் கொடுக்காத அப்பாவின் போன் நம்பர்.

எனக்கு ஆத்திரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நான் காதலித்து, யோசித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போவதற்குள், எனக்கு முன்னால் நானே போய் வேண்டாம் என்று சொல்லப்பட்டுத் திரும்பியிருக்கிறேன். யாரிடம் போய் அழுவது?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன். அவனைப் பற்றியும் அந்தக் கத்தலிலேயே சொல்லி முடித்துவிட்டேன். அவர் அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டேட்டா என்று நான் சொன்னதில்தான் நின்றார்.

"அது டேட்டாவா? அது ஜாதகம்மா. நம்ம ஆளுங்க குரூப்ல போட்டேன். நாலு பேர் பார்த்தாத்தானே வரன் வரும்?"

"என்னைக் கேட்டீங்களா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? நீ என் பொண்ணு."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுல கேக்கும்" என்றாள். ஊரில் பாதிப் பேர் போனில் என் எடை இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டால்தான் மானம் போகுமாம்.

அப்பா நல்ல மனிதர். தவறு என்று பட்டுவிட்டால் சும்மா இருக்க மாட்டார். அன்று மாலையே எல்லாக் குரூப்பிலும் ஒரு செய்தி போட்டார்: 'அன்பு உறவுகளே, என் மகள் ஜாதகத்தை அனைவரும் தங்கள் போனிலிருந்து நீக்கிவிடவும்.' ஒரே நிமிடத்தில் பூங்கொத்துகள் வரத் தொடங்கின. 'வாழ்த்துகள் அண்ணாச்சி.' 'மாப்பிள்ளை எந்த ஊர்?' ஒருவர், எந்த ஜாதகம் என்று கேட்டார். இன்னொருவர் உதவி செய்வதாக நினைத்து, இதுதான் என்று மறுபடியும் அதையே எடுத்துப் போட்டார். அதுவரை பார்க்காதவர்களும் பார்த்தார்கள். அடுத்த நாள் வடபழனியிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் கூப்பிட்டு, முகூர்த்தத் தேதி கேட்டார். "என் நம்பர் உனக்கு யாருய்யா குடுத்தா?" என்று அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வழி சொன்னது அவன்தான். சொல்லப்போனால் அவன் அம்மா. பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனது இளகியிருந்தது. ஆனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தச் செவ்வாய் தெரியும். "பொறந்த நேரம் தப்பாக் குறிச்சிட்டாங்கன்னு சொல்லி, கொஞ்சம் மாத்தி எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு. நான் சமாளிச்சுக்கிறேன்" என்றாராம். "உனக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே, மாத்தினா என்ன?" என்றான் அவன். நியாயம்தான். எனக்கு ஏன் சுருக்கென்றது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். நேரத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று. டிவியில் ஓடிக்கொண்டிருந்த விவாதத்தை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மறுபடியுமா?" என்றார்.

"மறுபடியும்னா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அப்புறம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. நான் பிறந்தது ஆயில்ய நட்சத்திரம் முடியும் நேரம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை நாளைக்கு எவன் கட்டுவான் என்று பயந்து, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்லிவிட்டார் அப்பா. அடுத்த நட்சத்திரம் மகம். மகத்துப் பெண் ஜெகத்தை ஆளும். அந்தத் தள்ளலில் லக்கினமும் மாறி, செவ்வாய் போய் எட்டில் உட்கார்ந்துகொண்டது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறந்த நாள்தோறும் கபாலீசுவரர் கோயிலில் சிம்ம ராசி, மக நட்சத்திரம் என்று அர்ச்சனை செய்தோமே, அதெல்லாம் யாருக்குப் போனது? என் போனில் தினமும் காலையில் 'சிம்ம ராசி நேயர்களே' என்று வருகிறதே, அது யார்? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தும் தலை சுற்றியது.

அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்து, ரகசியம்போலச் சொன்னார்: "கோவப்படாதேம்மா. யோசிச்சுப் பாரு. ஊர்பூரா சுத்துறது பொய்தானே? நிஜமானதை நான் இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் குடுக்கலை."

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைவிடப் பத்திரமாக ஒருவரின் தரவைப் பாதுகாத்ததை நான் பார்த்ததில்லை. அழுவதா, அவரைக் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். யோசிக்கவில்லை, குழம்பிக்கொண்டிருந்தேன். செவ்வாய் பொய், அதற்காகத்தான் வேண்டாம் என்றார்கள். நிஜமோ, கேட்டால் அந்த அம்மாவே பயப்படக்கூடியது. மூன்றாவதாக ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம். பேசாமல் கொடுத்திருக்கலாம். ஆனால் ஆயில்யம் என்பது அவன் அம்மாவின் உயிரைப் பற்றிய பேச்சு. என் ஜாதகத்தில் இருந்தாலும் அது அவருடையதும்தானே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அவனிடம் சொல்லாமல் ஒரு மதியம் அடையாறுக்குப் பஸ் ஏறினேன்.

அவன் அம்மா தனியாக இருந்தார். காபி கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

"ஆன்ட்டி, நான் மகம் இல்லை. ஆயில்யம். அப்பா மாத்திச் சொல்லிட்டார்."

அவர் முகத்தில் ஓடியதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"அப்பா, அம்மா, நான். இப்போ நீங்க."

"அவனுக்கு?"

"சொல்லலை."

"மூடி வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லை. எதுக்கு வந்து சொன்னே?"

"தெரியலை ஆன்ட்டி. உங்களைக் கேக்காம எப்படின்னு..." அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "அவன்கிட்ட சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆன்ட்டி கீன்டி எல்லாம் வேண்டாம். அத்தைன்னு கூப்பிட்டுப் பழகிக்கோ" என்றார். சொந்தக்காரர்களிடம், நேரம் தப்பாம், திருத்திப் பார்த்ததில் ஒன்பது பொருத்தம் என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு பயலும் மேலே கேட்கவில்லை.

கல்யாணமாகி அடையாறு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த மழைக்காலத்தில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். "சும்மா கிட, இதுக்கெல்லாம் லீவு போடுவாளா ஒருத்தி?" என்று என்னைத் திட்டினார். எனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையே. ஆனாலும் அவர் இருமும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். வழியில் வேறு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கதையை எழுத வேண்டும், அதற்கு அவரிடம் கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று புரியாமல், "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவர் சுவரோடு சாய்ந்து நிமிர்ந்தார்.

"நம்ம ஆயில்ய விஷயத்தை எழுதலாம்னு இருக்கேன். எழுதட்டுமா?"

அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. "இதுக்கா மூஞ்சியை அப்படி வச்சுக்கிட்டு வந்தே? எனக்கு ரிப்போர்ட்ல ஏதோ வந்துடுச்சுன்னு நினைச்சுட்டேன்டி" என்றார். பிறகு, "எழுதிக்கோ. பேர் போடாதே. அவனுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லை அத்தை. எல்லாம் நார்மல்."

"எங்கே, குடு" என்று கையை நீட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் கடைசிவரை படித்தார். அவர் படித்து முடித்ததும் நான் அதை வாங்கி, இன்னொரு முறை படித்தேன்.