லேப் வாசலில் செருப்புக் காவல்

அந்தச் செருப்பை நான் என் காலுக்காக வாங்கவில்லை. எங்கள் கல்லூரி ஆங்கில வாத்தியாருக்காக வாங்கினேன்.

மண்டபம் போகிற சாலையில் இருந்த கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். உப்புக் காற்றில் கம்ப்யூட்டர் துருப்பிடித்துவிடும் என்று லேபுக்கு மட்டும் ஏசி போட்டு, ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல்வரே வெறுங்காலோடுதான் போவார்.

கடைசி வருடம் ப்ரோக்ராமிங்கோடு பிசினஸ் கம்யூனிகேஷனும் ஒரு பாடம். அதை நடத்திய இந்த வாத்தியார், நேர்காணலில் ஒப்பிக்க எல்லோருக்கும் ஒரே சுயஅறிமுகத்தை எழுதிக் கொடுத்திருந்தார். 'மை ஃபாதர் இஸ் அன் அக்ரிகல்சரிஸ்ட்' என்ற வரி வகுப்புக்கே பொது. எங்கள் அய்யாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் மிளகாய்க் கொல்லையில் கூலிக்குப் போனார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதைச் சொன்னேன்.

"ஏம்மா, கூலிக்காரன் மகள்னு நீயே போய்ச் சொன்னா எவன் வேலை குடுப்பான்? எழுதிக் குடுத்ததை மட்டும் சொல்லு."

வகுப்பு சிரித்தது. "அய்யாவைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன் சார்" என்றேன். அத்தோடு என் வாய்ப்பு தீர்ந்தது.

சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வந்த அன்று, நேர்காணல் நடந்த லேபுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. கடற்கரை நாய்கள் தோல் ஷூவைக் கவ்விக்கொண்டு போய்விடுமாம். வந்தவர்களின் ஷூக்களுக்கு என்னைக் காவல் நிறுத்தினார் வாத்தியார். என்னோடு ஒரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள், நான் எழுதிய ப்ரோக்ராமை உள்ளே ஓட்டிக் காட்டி வேலை வாங்கினாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. இருந்த கோபத்தை எல்லாம் ஒருவருக்காகவே சேர்த்து வைத்தேன். சாயங்காலம் "ஒண்ணும் காணாமப் போகல சார்" என்றபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நானே சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். வருடங்கள் கழித்து, ஆள் எடுக்கும் பொறுப்பு வந்ததும் அந்தக் கல்லூரிக்குப் போகும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடவே புதுத் தோல் செருப்பு, நாய்க்குப் பிடித்த மாதிரி.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. லேப் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"செருப்பை இங்கன விட்டுட்டு வாங்க மேடம். இந்தப் பொண்ணு பாத்துக்கிரும்."

"இவ இன்டர்வியூவுக்கு வரலையா?"

"அது தேறாது மேடம். கம்யூனிகேஷன் சுத்தமா இல்ல."

எனக்கு ரத்தம் கொதித்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, அதை மறைப்பானேன்?

"அவளும் உள்ள வரட்டும். செருப்பை நீங்க பாத்துக்கங்க சார். இங்கன நாய் ஜாஸ்தி."

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கூட வந்த முதல்வர் அவரைப் பார்த்து 'நில்லுங்க' என்பதுபோல் தலையாட்டினார்.

உள்ளே ஒவ்வொருவராக வந்து அதே சுயஅறிமுகத்தை ஒப்பித்தார்கள். நான் அவசரமே படவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட உள்ளேயே வரவழைத்தேன். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கைக்குட்டையை வீசி ஒரு செவலை நாயை விரட்டிக்கொண்டிருந்தார். என் மனசு குளிர்ந்தது.

அந்தப் பெண் கடைசியாக வந்தாள். 'மை ஃபாதர் இஸ்' என்று தொடங்கிக் கதவைப் பார்த்தாள்.

"தமிழ்லயே சொல்லும்மா."

"வாலிநோக்கத்துல உப்பளத்துல வேலை பாக்குறாக மேடம்."

அப்புறம் தன் ப்ரோக்ராமைத் திறந்து, எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவளை எடுத்துக்கொண்டோம்.

வெளியே வந்தேன். நான் மாட்டிக்கொள்ள வசதியாகச் செருப்பைத் திருப்பி வைத்திருந்தார்.

"ஒண்ணும் காணாமப் போகல மேடம்."

"அன்னைக்கும் போகல சார்."

என் முகத்தையே பார்த்தார். யார், எந்த வருடம் என்று தேடுவது தெரிந்தது. செருப்பு வாரை நிதானமாக மாட்டிக்கொண்டு நடந்தேன். பெயரைச் சொல்லவில்லை. அவரே தேடட்டும்.