கொஞ்சம் தள்ளிக்குங்க

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, சிங்காநல்லூர்க் குளத்து மதகுக் கல்லில் வலது காலை ஊன்றி ஒரு படம் எடுப்பேன். எனக்கு மில்லில் ஆட்கள் வரும் நேரம் குறிக்கும் வேலை. மனைவி இறந்தபின் ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டு போயின. குளத்தின் தென்பக்கம் மண் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். கரை எவ்வளவு சுருங்குகிறது என்று யாராவது பதிந்து வைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதியையும், மதகில் எத்தனையாவது படியில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் எழுதுவேன்.

நான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஏழெட்டுக் குடிசைகள். மீன் பிடிப்பவர்களும் துணி துவைப்பவர்களும் எனக்கு எதிரே தண்ணீரோரம் இருப்பார்கள். "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பேன். உடனே விலகுவார்கள்.

"ஏனுங்க, நாங்க நின்னா கொளம் வத்திப்போகுமுங்களா?" என்று துணி துவைக்கும் அம்மாள் ஒருமுறை கேட்டார்.

"கரை மறையுதுங்க" என்றேன்.

ஈரத்துணியை அள்ளிக்கொண்டு சிரித்தபடி என் முதுகுப்பக்கம் போய்விட்டார்.

படம் எடுக்கத் தொடங்கிய எட்டாம் வருடம் குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய குடிகளுக்கு மட்டும் வேறிடத்தில் மனை உண்டு. பழைய குடி என்று காட்ட அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. அந்த அம்மாள் முதன்முறையாக என் வீட்டுக்கு வந்தார்.

"உங்க படத்துல நாங்க இருப்பமில்லீங்க?"

எல்லாப் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். தண்ணீர், வானம், மதகு. ஆள் ஒருவரும் இல்லை. கூடவே நான் எழுதிவந்த நாட்குறிப்பையும் புரட்டினேன்; அதிலும் படிக்கணக்கும் மழையும்தான்.

ஒரு படத்தை அவர் விரலால் தொட்டார். "இது நான் தொவைக்கற கல்லுங்க. ஈரம் பாருங்க. இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கறேன்."

அந்தப் படத்தையும் மற்றவற்றையும் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். இவர்கள் எப்போதும் அங்கே இருந்தார்கள், நான்தான் விலகச் சொன்னேன் என்றேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார்.

"வருசக்கணக்கா எடுத்திருக்கறீங்க. ஒருத்தரும் இல்லாத எடம்னு இதைவிடச் சாட்சி வேணுங்களா?"

வெளியே காத்திருந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்க, தள்ளிக்கிட்டமுங்க" என்றார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மதகுக் கல்லில் கால் வைத்தேன். பின்னால் குடிசைகள் இல்லை, எதிரே விலகச் சொல்ல யாரும் இல்லை. கழுவி வந்த படத்தைப் போன மாதத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் தேதி எழுதினேன், மூன்றாம் படி.