கோல்கீப்பர் தலைக்கு மேல் சிலுவை

அப்பா இளவயதில் ஆடிய கால்பந்து கிளப்பைத் தேடி தாராவிக்கு வந்திருக்கிறேன். கிளப் இருந்த அறையில் இப்போது தோல் பெல்ட் தைக்கிறார்கள். மெஷினில் உட்கார்ந்திருக்கும் சேவியர் அண்ணாச்சிதான் அந்தக் காலத்துக் கேப்டனாம். கிளப் என்றதுமே, நான் யாரென்று கேட்காமல், சுவரில் மாட்டிய டீம் போட்டோவைக் காட்டுகிறார். நடுவில் பந்தோடு இருப்பது அப்பா. அவர் தலைக்கு மேல் பேனாவால் போட்ட கறுப்புச் சிலுவை.

“எங்க கோல்கீப்பர் செல்லத்துரை. பிராக்டிஸ்ல பந்தைப் பிடிக்க விழுந்தாம்மா, என் வலது காலு அவன் தலையில பட்டுட்டு. ஊருக்கு ரயிலேத்தி விட்டோம். போற வழியிலயே செத்துட்டான்னு ஒருத்தன் வந்து சொன்னான். அன்னைக்கே கிளப்பைப் பூட்டி பந்த் பண்ணியாச்சு. நான் பிறகு பந்தைத் தொடவே இல்ல. வருசா வருசம் சர்ச்சுல அவனுக்குப் பூசை வைக்கேன்.”

ஒருத்தனாவது ஒரு கடுதாசி போட்டானா என்று அப்பா இன்றைக்கும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

வீடியோ கால் போடுகிறேன். பாளையங்கோட்டையில் அப்பா தோசை தின்றுகொண்டிருக்கிறார். போனை அண்ணாச்சி பக்கம் திருப்புகிறேன். மெஷின் நின்றுவிடுகிறது.

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். “எலேய், சேவியரா? டீம் இப்போ எப்படில ஆடுது?”

அண்ணாச்சி வலது காலை மட்டும் மெதுவாக ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார்.