அரை மூடி மருந்து

விவசாயப் போதனாசிரியர் வேலையில் நாம் சொல்வது ஒரு வாக்கியம். நாலு மாதம் வயலில் நின்று அதை அனுபவிப்பது வேறொருவர். என்னைப் போல ஊருக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கிற உங்களுக்கும் இந்தக் கூச்சம் இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

படித்த ஆள்

சண்டைக் காலம். வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகிறவர்களை, ஆளுக்கு ஒரு பயிர்மருந்துப் போத்தலோடுதான் ராணுவச் சோதனைச்சாவடியில் விடுவார்கள். அந்தப் போகத்தில் நெல்லில் எரிபந்தம் விழுந்தது. பங்கசு என்கிற பூஞ்சண நோய், விட்டால் கதிரின் கழுத்தைக் கருக்கிவிடும். புருசனை இழந்து, தனியாக மூன்று ஏக்கர் செய்த யோகம்மா ஒற்றைப் போத்தலோடு வந்து நின்றார்.

தெளிக்கிற டாங்கிக்கு ஒரு மூடி என்று போத்தலில் இருந்தது. "அரை மூடி போடுங்க, வயல் முழுக்க வரும்" என்றேன். எங்கும் படித்ததல்ல. அவரை வெறுமனே அனுப்ப வெட்கப்பட்டுச் சொன்னது. மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன். யோகம்மா தலையாட்டினார்.

"ஐயா சொன்னாச் சரிதான். படிச்ச ஆள்தானே."

காக்காவின் கடை

அந்த முறை மருந்து ஓரளவு கேட்டது. சில போகம் அரை மூடியிலேயே கழிந்து, பிறகு முழு மூடி ஊற்றியும் நோய் அடங்கவில்லை. யோகம்மாவின் நெல் பாதிக்கு மேல் பதர். வயல் செய்கிற கமக்காரர் கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான், காத்தான்குடியில் பயிர்மருந்துக்கடை வைத்திருந்த, எல்லோரும் அண்ணன் முறை வைத்து அழைக்கிற மஜீது காக்காவைக் காட்டிவிட்டேன். "கலப்பட மருந்து" என்றேன். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்டிருந்த அந்த நாளில் ஒரு தமிழ் உத்தியோகத்தன் முஸ்லிம் கடையை அப்படிச் சொன்னால், பேச்சு மருந்தோடு நிற்காது. எனக்கு அது தெரியும். ஒரு கிழமைக்குள் படுவான்கரை ஆட்கள் அந்தக் கடைக்குப் போவது நின்றது.

காக்கா நான் வேலை செய்த கந்தோருக்கு வந்து ஒரு போத்தலை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை.

"சீல் உடைக்காத போத்தல் சேர். எங்க வேணுமெண்டாலும் குடுத்துப் பாருங்க."

கண்ணாடித் தட்டு

போத்தலையும் நோய் இலைகளையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனேன். தன் வயல் என்று யோகம்மாவும் வந்தார். விரிவுரையாளர் அம்மா பங்கசைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்தார். மறுமுறை போனபோது, மருந்து கலந்த தட்டிலும் அது சாம்பல் நிறத்தில் படர்ந்திருந்தது. வேறு ஊர் வயலிலிருந்து எடுத்த பங்கசை அதே மருந்து வளரவே விடவில்லை; ஆகவே மருந்தில் குறையில்லை.

"கொல்லாத அளவில மருந்து பட்டா, அத வெளிய தள்ளுற பரம்பரை அலகுகள், அதான் ஜீன்கள், பங்கசில வேகமா வேலை செய்யத் தொடங்கும். அப்படித் தள்ளத் தெரிஞ்சதுகள்தான் தப்பிப் பெருகும்" என்று விளக்கினார். "அளவக் குறைக்கச் சொன்னது ஆர்?"

"சனங்கள் தாங்களாத்தான் குறைச்சது, மிஸ்" என்றேன்.

யோகம்மா பக்கத்திலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்.

"எங்களில பழியப் போட்டது பரவாயில்ல ஐயா. காக்காட குடும்பம் அந்தக் கடையிலதானே சாப்பிடுது."

அடுத்த கூட்டத்துக்குக் காக்காவையும் அழைத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். அவருடைய கடைக்கு ஆட்கள் மெல்ல மெல்லத்தான் திரும்பினார்கள்.

விரிவுரையாளர் அம்மா மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் மட்டும் 'விவசாயிகள் தாமாக அளவைக் குறைத்தமையால்' என்றே இருந்தது, அதைத் திருத்தாத எனக்குத்தான், நோய் அடங்காததன் காரணத்தைக் கண்டுபிடித்தேன் என்று பாராட்டுக் கடிதம் வந்தது.