மண் மிதித்த போதில்

பனி கொட்டும் எங்கள் வடதேசக் காட்டுக்குள் கண்ணாடிப் பட்டறை வந்த புதிதில், கண்ணாடி ஊதுகிறவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன்காரர்கள். மண் மிதிக்கிறவள் மட்டும் உள்ளூர்க்காரி, போதில் என்று பேர். கண்ணாடி உருகும் பானைக்கான களிமண்ணை வெறுங்காலால்தான் மிதிக்க வேண்டும். பட்டாணி அளவு கல் கிடந்தாலும் பாதத்துக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் போனால் பானை உலைக்குள் வெடித்து, உருகிய கண்ணாடி வெளியே வழியும். உலைக்கு முன்னால் நிற்கிறவர்களில் என் புருஷனும் ஒருவர். அதனால் போதிலின் கால்களைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகத்தான் பேசுவேன்.

மரம் வெட்டப் போன தன் புருஷன் மரம் சாய்ந்து செத்தபின், போதில் மண் மிதிக்கிறவளுக்கென்று பட்டறை கொடுத்த குடிசையில் பிள்ளைகளோடு இருந்தாள். வேலை போனால் குடிசையும் போகும்.

"போதிலக்கா, உங்க காலுக்குச் செருப்பு தைக்க ஒரு மாட்டுத் தோல் பத்தாது" என்று ஊதுகிறவர்கள் சீண்டுவார்கள்.

"உன் வாய்க்குப் பூட்டு செய்ய ஒரு கொல்லனும் பத்தாதுடா" என்பாள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு தேவாலயம் போய்த் திரும்பும்போது சறுக்குவண்டி உடைந்து, பனியில் நடந்தே வந்தாள். குளிரில் விறைத்துக் கறுத்த கால்கள் மெல்லத் தேறின. தேறிவிட்டன என்றுதான் அவளும் நினைத்தாள். மறுபடி மிதிக்க ஆரம்பித்த சில நாளில், மண்ணில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வடிகிறது. வலியே இல்லை.

கொட்டகையில் வேறு யாருமில்லை. கழுவிவிட்டு மிதித்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், பெற்ற வயிறு அப்படி. அவள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நேரே மேஸ்திரி வென்செலிடம் வந்தாள். உலைச் சூட்டில் மீன் சுட்டபடி நானும் அங்கே இருந்தேன்.

"மேஸ்திரி, என் காலு செத்துப்போச்சு. இப்ப மிதிச்ச மண்ணு பூராவும் வெளிய கொட்டிருங்க."

"கல்லு இருக்கா?"

"தெரியல. இல்லன்னும் என்னால சொல்ல முடியாது."

"நீ சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. வீடு போயிரும்னு தெரியுமில்ல?"

"தெரியும். பிள்ளைங்ககிட்ட இன்னும் சொல்லல."

மீன் கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி தாடியைச் சொறிந்தார். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷர். "நாளையிலேர்ந்து விறகுக்காரி குனில்லா மிதிக்கட்டும். நீ பக்கத்துல நில்லு. நீ சரின்னு சொன்னாத்தான் மண்ணு பானைக்குப் போகும்."

"செத்த காலை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சரின்னு சொல்றது?"

"சரின்னு சொல்ல இங்க ஊரே இருக்கு. வேண்டாம்னு சொல்லத்தான் ஆளில்ல. போ, உன் வீட்டுக்குப் போயி காலுக்கு மருந்து போடு."

அதுவரை கல்லாக நின்றவள், அப்போதுதான் அழுதாள்.