தாழ்ப்பாளும் இலைக்கட்டும்

என் மேசையில் ஒரு தாழ்ப்பாள் கிடக்கிறது. முழ நீள இரும்பு, நடுவில் நன்றாக வளைந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குக்கூட ஆகாத இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். காகிதம் பறக்காமல் இருக்க என்று சொல்லிவிடுவேன். அச்சாபீஸில் வேலை பார்க்கிறவள் என்பதால் நம்பிவிடுவார்கள். அது எங்கள் ஊர்க் கோயில் கதவின் உள்பக்கத்தில் இருந்த தாழ்ப்பாள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களான நாங்களும் எங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். உள்ளே நின்று அதைப் போட்டவள் என் பெரியம்மா. வெளியே நின்று கடப்பாரையால் நெம்பி வளைத்தவர் அவளுடைய கூடப்பிறந்த தம்பி, என் தாய்மாமா.

சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்துக்குத் தெற்கே, ஓடையைத் தாண்டினால் பட்டாசுக் கம்பெனி, தாண்டாவிட்டால் எங்கள் ஊர். காலையில் கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கையும் முகமும் அலுமினியப் பொடியில் வெள்ளி நிறமாக மினுங்க இறக்கிவிடும். பெரியம்மாவும் இளவயதில் அந்த வேனில் போனவள்தான். புருஷன் இறந்த பிறகு கோயிலே கதி என்று ஆகிவிட்டாள். உபவாச ஜெபக்குழுவுக்கு அவள்தான் தலைவி. ஆண்டவரிடம் கெஞ்சுகிற பேச்செல்லாம் அவளிடம் கிடையாது, சண்டைதான். முழங்காலில் நின்று தரையை அறைந்து அறைந்து கேட்பாள். உள்ளங்கை சிவந்து வீங்கிப்போகும். சின்ன வயதில் அவள் பக்கத்தில் உட்கார எனக்குப் பயம். சாமியே அடி வாங்குகிறாரோ என்று நினைத்திருக்கிறேன்.

மாமா வேறு ஜாதகம். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே மெல்ல நழுவி வெளியே போய்விடுவார். கேட்டால் உலை கொதிக்கிறது என்பார். வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகையில் கோயில் சார்பாக ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாடு அவர் பொறுப்பு. எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் அன்று எங்கள் பந்தியில் உட்காருவார்கள். "பசிச்சவன் முன்னால போயி ஜெபத்த நீட்டாதீக, சோத்தப் போடுங்க, அவனே ஸ்தோத்திரம் சொல்லுவான்" என்பது அவருடைய ஒரே பிரசங்கம். இதைப் பெரியம்மாவின் காதுபட வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வார். அவளும் விடமாட்டாள். "வயித்துக்கு ஊழியம் பண்றவன்" என்று திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேருக்கும் பின்னால் ஆட்கள் இருந்தார்கள், கோயிலில் உட்காருகிற பக்கம்கூட வலது இடது என்று பிரிந்துகிடந்தது.

நான் சொல்கிற வருஷம் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு தீபாவளி சீசன். அப்போதுதான் ஊருக்குள் செல்போன் வந்திருந்தது, கம்பெனிக்குள் கொண்டுபோகக் கூடாது. அந்த சீசனில் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே விபத்து நடந்து, சாவு வீட்டுக்குப் போய் வந்த அலுப்பு ஊர் முகத்தில் இருந்தது. இந்த வருஷம் அசனம் வேண்டாம், அந்த நாட்களில் சபை முழுவதும் உபவாசம் இருந்து பிள்ளைகளின் உயிருக்காக மன்றாட வேண்டும் என்று பெரியம்மா எழுந்து சொன்னாள். இப்படிப்பட்ட வருஷத்தில்தான் ஊரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்றார் மாமா. பேச்சு முற்றியது. யாரோ யாரையோ தள்ள, காணிக்கைத் தட்டு பறந்துபோய் ஜெபக்குழுக்காரர் ஒருவரின் உதட்டைக் கிழித்தது. பதிலுக்கு நாற்காலி வந்தது. ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் வாங்கிய ஈரம் காய்வதற்குள் பீடத்துக்கு முன்னால் வேட்டி அவிழ உருண்டார்கள். சபையைக் கவனிக்கிற உபதேசியார், பாவம், நடுவில் புகுந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் அவர்தான் ஒரு சமரசம் சொன்னார். சனிக்கிழமை உபவாசம், ஞாயிற்றுக்கிழமை அசனம், ஆளுக்குப் பாதி.

அந்தப் பாதியில்தான் வினை வந்து உட்கார்ந்தது. அசனத்துக்கான வாழையிலை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெள்ளிக்கிழமையே வந்து இறங்கிவிட்டது. வெயிலில் வாடாமல் வைக்க ஊரில் குளிர்ச்சியான இடம் கோயில் மட்டும்தான். வருஷா வருஷம் உள்ளே சுவரோரம் அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பது வழக்கம். அந்த வருஷமும் அப்படியே வைத்தார்கள். பெரியம்மாவின் உபவாசத்துக்கோ வேறு வழக்கம். உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள், ஜெபம் முடிந்து ஆமென் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. நடுவில் போய் டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்து அவள் கொண்டுவந்த சட்டம் அது. இலை உள்ளே, சமையல் கொட்டகை வெளியே, நடுவில் தாழ்ப்பாள். அதை யாரும் யோசிக்கவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரே மகன், எனக்கு அண்ணன். அந்தக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிற வேலை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஜெபத்துக்கு வரவேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். சீசன் நேரத்தில் லீவு கேட்டால் கம்பெனியில் முகம் கொடுக்க மாட்டார்கள், அவனுக்கு ஒரே தவிப்பு. மாமாதான் அவன் தோளில் கையைப் போட்டு, "போய்ட்டு வாலே, ஒங்கம்மா ஒனக்கும் சேத்துதான் ஜெபிக்கப் போறா. நாளைக்குப் பந்தியில நின்னு பரிமாறு, அது போதும் ஆண்டவருக்கு" என்று சொல்லி வேனில் ஏற்றிவிட்டார். பெரியம்மா வேன் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் வேன் படியில் நின்றவன் கன்னத்தில் அறைந்தாள். "போ. போயி கம்பெனிக்காரவுகளுக்கே ஊழியம் பாரு" என்றாள். அவன் வலியில் சிரித்தான். அறை வாங்கினால் சிரிப்பது அவனுடைய பழக்கம். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால் அவளாவது அன்று பாரம் குறைந்து ஜெபித்திருப்பாள்.

நான் உள்ளே இருந்தேன், அம்மாவின் தொல்லை தாங்காமல் போனவள். முற்பகல் நேரம். பெரியம்மா முழங்காலில் நின்று தரையை அறைந்துகொண்டிருந்தாள். முதலில் காதில் விழவில்லை, முழங்காலில்தான் தெரிந்தது. தரை ஒரு உதறு உதறியது. பிறகு சத்தம். ஜன்னல் கண்ணாடி சில்லுச் சில்லாக எங்கள் முதுகில் கொட்டியது. எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூட வெடிச் சத்தத்தில் எது சோதனை, எது சாவு என்று தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம். எல்லோரும் அலறிக்கொண்டு எழுந்தோம். பெரியம்மா எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

"உக்காருங்கடி! ஆமென் சொல்லாம ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாது. இப்ப விட்டா போயிருவான்! பிடிச்சுக்கிட்டு இருக்கேன், விட்டா எம்புள்ள போயிருவான்!" என்று கத்தினாள். பலரும் பின்னாளில் அதைக் கல்நெஞ்சு என்றார்கள். நான் அவள் கண்ணைப் பார்த்தவள். கிணற்றுக்குள் தொங்குகிற பிள்ளையின் கையைப் பிடித்திருப்பவள் மாதிரி நின்றாள். கையை எடுத்துவிட்டு ஓடு என்றால் எந்தத் தாய் ஓடுவாள்?

வெளியே மாமாவின் சத்தம். தீக்காயம் பட்டவர்களைச் சாக்கில் கிடத்தினால் தோல் சாக்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வாழையிலையில் கிடத்தித்தான் சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் கூப்பிட்ட உடனே வருகிற காலமில்லை, கம்பெனி வேன்தான் ஆம்புலன்ஸ். "எலைய எடுங்க! ஏ ஜெபக்காரங்களா, எலை! எலையக் குடுங்க!" என்று கதவை உதைத்தார். பெரியம்மா கதவை விட்டு அசையவில்லை. இழுக்கப்போன என் அம்மாவைக் கடித்துவிட்டாள். பெஞ்சால் கதவை உடைக்கப்போன பெண்களை ஜெபக்குழுப் பெண்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே கடப்பாரை விழுகிற சத்தம், உள்ளே அழுகையும் ஸ்தோத்திரமும். தாழ்ப்பாள் வளைந்து கதவு பிய்த்துக்கொண்டபோது அது பெரியம்மாவோடு சேர்ந்து விழுந்தது. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அந்த நிலையிலும் எழுந்து தம்பியின் முகத்தில் ஓங்கி அடித்தாள். அவர் அக்காவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அவளைத் தாண்டி, இலைக்கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

கோயில் வாசலிலேயே இலையை விரித்தோம். மறுநாள் சோறு விழவேண்டிய இலை. வேனில் வந்தவர்களை இறக்கியபோது யார் ஆண், யார் பெண் என்று தெரியவில்லை. தலைமுடி கருகிய நாற்றமும் மருந்து நாற்றமும் மறுநாள் மசாலாவுக்காகக் கொட்டகையில் வதங்கிக்கொண்டிருந்த வெங்காய வாசனையும் ஒன்றாக வந்தன. அன்றிலிருந்து வெங்காயம் வதங்குகிற இடத்தில் என்னால் நிற்க முடியாது. அண்ணனைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். "அம்மா எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பெரியம்மா ரத்தத்தைச் சேலையால் ஒற்றிக்கொண்டு அவனிடம் வந்து சேர்ந்தபோது அவன் பேச்சு நின்றிருந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிவரை மூச்சு மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

அங்கே ஒரு டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். இவ்வளவு வெந்த உடம்பை யாராலும் காப்பாற்ற முடியாது, முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒன்றுதான் என்று. நான் ஊரில் வீடு வீடாகச் சொன்னேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. கதவு எவ்வளவு நேரம் அடைத்திருந்தது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சண்டை வெடித்தது. ஜெபக்காரர்கள்தான் கொன்றார்கள் என்று ஒரு பக்கம், உபவாசத்தை அசனக்காரர்கள் உடைத்ததால்தான் போனான் என்று மறுபக்கம். பெட்டியை யார் தூக்குவது என்பதில் கைகலப்பாகி, பெட்டி ஒருபக்கம் சாய்ந்து மண்ணில் இடித்தது. மண்வெட்டியை ஓங்கினான் ஒருவன். பெரியம்மா நெற்றிக் கட்டோடு எழுந்து, குழி மண்ணை இரண்டு கையாலும் அள்ளி எல்லார் முகத்திலும் வீசினாள்.

"வெட்டிக்கிட்டுச் சாவுங்கலே! அவன் என்னயத்தான் தேடுனான். ஒங்களயா தேடுனான்? டாக்டர் சொல்றாரு பிழைக்க மாட்டான்னு. சரி, சாகத்தான் போறான். அப்ப நான் அங்கன இருந்திருக்கணுமா வேண்டாமா?"

தூரத்தில் வேப்பமரத்தடியில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். அண்ணனை வேனில் ஏற்றிவிட்ட கை அவருடையது, அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் அசனமும் வேண்டாம், உபவாசமும் வேண்டாம் என்றுதான் சபை நினைத்தது. பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் உண்டு, ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது என்றாள். சனிக்கிழமை உபவாசம் இருக்கிற பெண்கள் நடுவில் இலைக்கட்டைப் பிரித்துப்போட்டு, மறுநாள் பந்திக்கு ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டே ஜெபித்தார்கள். வெறும் வயிற்றோடு அடுத்தவன் இலையைத் துடைப்பது சுலபமில்லை, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவு அகலத் திறந்திருந்தது. பெரியம்மா தரையை அறையவில்லை. கடைசி இலையைத் துடைத்ததும் பாதி வாக்கியத்தில் எழுந்து, கட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். ஆமென் சொல்லவில்லை. சாகும்வரை எந்த ஜெபத்துக்கும் அவள் ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை. உபதேசியார் ஒருமுறை மெல்லக் கேட்டதற்கு, "முடிஞ்சா சொல்றேன் ஐயா" என்றாளாம். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. இப்போது புதுக் கோயில், பளிங்குத் தரை, தேக்குக் கதவு. போன சீசனில் ஜெபத்தின் நடுவில் எங்கோ சத்தம் கேட்டபோது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, துடைத்த இலையோடு எழுந்து ஓடினார்கள்.

அக்காவும் தம்பியும் பிறகு பேசிக்கொண்டார்கள்தான். உப்புப் போதுமா, இலை போதுமா என்கிற அளவுக்கு. கதவைப் பற்றிப் பேசியதில்லை. பெரியம்மா இறந்தபின் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது அடியில், ஜெபத்துக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையில் சுற்றி, இந்தத் தாழ்ப்பாள் இருந்தது. பழைய கதவோடு சேர்ந்து எப்போதோ எடைக்குப் போய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மாமா அதை வாங்கி முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். கிழவர் கைக்கு அது மசியுமா. அழுத்தினார், மறுபடி அழுத்தினார், உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது.

"விடுங்க மாமா, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"அவ கதவ மறிச்சுக்கிட்டு நின்னது தப்புன்னு ஊரே சொல்லுச்சு. நானும் சொன்னேன்" என்றார். "நான் என்னன்னு கூப்பிட்டேன் தெரியுமா தாயி? எலை, எலைன்னுதான் கத்துனேன். 'அக்கா'ன்னு ஒரு தடவ கூப்பிடல. கூப்பிட்டிருந்தா தொறந்திருப்பா."

தாழ்ப்பாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கைரத்தம் துருவோடு துருவாக அதில் காய்ந்துபோயிற்று. காகிதம் பறக்காமல் இருக்க என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன்.