முன்னூறு பலகையும் ஒற்றை ஆணியும்

அரசு விளம்பரக் கிடங்கில் அவர் பதாகை எழுத ஆரம்பித்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. கிடங்கு அதிகாரி முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் 'பலகை'தான். பெயர் பொருத்தமாகவே அமைந்தது, எதை எழுதச் சொன்னாலும் எழுதுவார், ஏன் என்று வாயைத் திறக்க மாட்டார்.

வருடத்துக்கு நாலைந்து முறையாவது ஏதாவது ஒரு வெளிநாட்டைக் கண்டித்துக் கூட்டம் நடக்கும். நம் தலைவருக்கு அடுத்த நாட்டு மக்கள் அழுதால் மனசு தாங்காது. அங்கே ஒரு பத்திரிகையை மூடினால் இங்கே மேடையேறி விம்முவார். இங்கே மூடிய பத்திரிகைகளைப் பற்றி யாராவது கேட்டார்களா என்றால், கேட்டார்கள், இப்போது உள்ளே இருக்கிறார்கள். ஊருக்குத்தானே உபதேசம்!

இத்தனை கண்டனத்துக்கும் மரத்துக்கு எங்கே போவது? அதனால் கிடங்கில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். 'மாணவர்களை விடுதலை செய்' என்பது போன்ற கோரிக்கை மட்டும் பெரிய பலகையில் இருக்கும். எந்த நாட்டைத் திட்டுகிறோமோ அந்த நாட்டின் பெயரைப் பட்டையாக அறுத்த தனி மரத்துண்டில் எழுதி, பலகையின் அடியில் இரண்டு ஆணியால் அடித்து மாட்டுவார்கள். கூட்டம் முடிந்ததும் பட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையை அடுக்கி வைப்பார்கள். அடுத்த தடவை வேறு நாடு. போன வருடத்துக் கொடுங்கோல் நாடு இந்த வருடம் நட்பு நாடாகிவிட்டாலும் கவலையில்லை, அதே பட்டையில் ஓரமாக 'வருக' என்று சேர்த்து விமான நிலையத்துக்கு அனுப்பிவிடலாம்.

இதையெல்லாம் பலகை ஒரு காலத்தில் வீட்டில் சொல்லிச் சிரிப்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது வீட்டில் சிரிப்பில்லை. அவள் படித்த கல்லூரியில் மூன்று மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவர்களை விடுதலை செய்யக் கேட்டு மற்ற மாணவர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் மகளும் கையெழுத்துப் போட்டாள். எட்டு மாதமாகச் சிறையில் இருக்கிறாள். ஒரு முறைகூட அவளைப் பார்க்க விடவில்லை. துணிமணியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, மனைவியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவரும் நடையாய் நடந்தார். கடைசியில் கிடங்கு அதிகாரி மனமிரங்கி மேலிடத்தில் பேசினார்.

"யோவ் பலகை, செவ்வாக்கிழமை பத்து நிமிஷம் பாக்கலாம். ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. ஆனா திங்கக்கிழமை கூட்டம் இருக்கு, தெரியும்ல? முன்னூறு பலகை. அதுல ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"ஒண்ணும் ஆகாது சார்."

வாசகத்தைக் கையில் கொடுத்தார்கள். 'சிறையிலுள்ள மாணவர்களை உடனே விடுதலை செய்.' பக்கத்து நாட்டு மாணவர்களுக்காக. மகள் கையெழுத்துப் போட்ட கடிதத்திலும் கிட்டத்தட்ட இதே வரிதான் இருந்தது. பலகை அதை முன்னூறு தடவை எழுதினார். முதல் பத்துப் பலகைக்குக் கண் கலங்கியது. அப்புறம் தோள் வலிதான் தெரிந்தது.

ஆணி கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நாலு பெட்டி கேட்டால் இரண்டுதான் வந்தது. இன்னொரு தடவை கேட்கலாம்தான். கேட்டால் ஒரு வாரம் இழுப்பார்கள், வேலை தள்ளிப்போகும், செவ்வாய்க்கிழமை கைநழுவிப் போகும். இரண்டு ஆணி அடிக்கிற இடத்தில் நடுவில் ஒன்றை அடித்தார். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு இது போதாதா என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அரசு ஊழியர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து மைதானத்தில் இறக்கி, ஆளுக்கொரு பலகையைக் கொடுத்து நிறுத்தினார்கள். தலைவர் ஹெலிகாப்டரில் வந்தார். அது இறங்கியபோது கிளம்பிய காற்றில் முன்வரிசைப் பட்டைகள் ஒற்றை ஆணியில் சுற்றின. பிறகு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு பறந்தன. வெயிலில் நின்று சோர்ந்துபோன ஊழியர்கள் அதைக் கவனிக்கவில்லை, சொல்லிக்கொடுத்தபடி பலகையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்கள். சிறையிலுள்ள மாணவர்களை உடனே விடுதலை செய்யச் சொல்லி, தலைவரின் முகத்துக்கு நேராக. முன்வரிசையில் எந்த நாடு என்பது எங்கேயும் இல்லை. தொலைக்காட்சியில் நேரலை மூன்று நிமிடம் ஓடி, பட்டென்று நின்றது.

மத்தியானமே பலகையை அழைத்துக்கொண்டு போய் விசாரித்தார்கள்.

"உன் பொண்ணு உள்ளதானே இருக்கா?"

"ஆமா சார்."

"வேணும்னுதானே ஒரு ஆணி அடிச்ச?"

"இல்ல சார். ஆணி பத்தல. நாலு பெட்டி கேட்டேன், ரெண்டுதான் குடுத்தாங்க. நான் எழுதிக் கேட்டது ஆபீஸ்ல இருக்கு."

அந்தச் சீட்டு அகப்பட்டது. ஆணியைக் குறைத்தது யார் என்று தோண்டினால் அது மேலே மேலே போய் யார் தலையில் விடியுமோ என்று அவர்களே பயந்தார்கள். 'என் கவனக்குறைவே காரணம், வேறு எந்த நோக்கமும் இல்லை, தலைவரிடம் மன்னிப்புக் கோருகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. மகளைப் பார்க்கும் அனுமதிச் சீட்டைக்கூட யாரும் பிடுங்கவில்லை, மறந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மகள் வந்து நின்றாள். பாதியாக இளைத்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் காவலர். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

"சாப்பிடுறியாம்மா?"

"சாப்பிடுறேன்ப்பா. அம்மா எப்படியிருக்கு?" என்றவள் வலையோடு முகத்தை ஒட்டினாள். "நேத்து எங்க எல்லாரையும் டிவி முன்னாடி உக்கார வச்சாங்க. தலைவர் பேச்சைக் கட்டாயம் பாக்கணும்ல. நான் பாத்தேன்ப்பா. உங்க எழுத்துன்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல இருந்தவங்ககிட்ட எல்லாம் எங்கப்பான்னு சொன்னேன்."

அவர் கம்பி வலையைப் பற்றிக்கொண்டார்.

"எத்தன பேர் அழுதாங்க தெரியுமா? நமக்காகக் கேக்கவும் வெளிய ஆளு இருக்காங்கன்னு." குரலைத் தாழ்த்தினாள். "எப்படிப்பா துணிஞ்சீங்க?"

காவலர் திரும்பிப் பார்த்தார்.

"ஆணி பத்தலம்மா," என்றார் பலகை. "அதான் ஒண்ணோட விட்டேன்."

மகள் ஓரக்கண்ணால் காவலரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "சரிப்பா. ஆணிதான் பத்தல. நான் யார்கிட்டயும் சொல்லல."

நிஜமாத்தாம்மா, உன்னப் பாக்க வர்ற வழிய அடைச்சிடுவாங்களோன்னு பயந்துதான் நான் மறுபடி ஆணிகூடக் கேக்கல என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிடிபட்ட திருடனைப்போல நின்றார். நேரம் முடிந்துவிட்டது என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

வாசலில் காத்திருந்த மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, எப்படியிருக்கா?"

"சிரிச்சா."

"சிரிச்சாளா?" மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை. "எதுக்கு?"

அவர் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அடுத்த மாதம் வேறொரு நாட்டைக் கண்டிக்க வேண்டியிருந்தது. இந்த முறை கிடங்கு அதிகாரி கேட்காமலே எட்டுப் பெட்டி ஆணி கொண்டுவந்து இறக்கினார். "பலகை, பட்டைக்கு நாலு ஆணி. மேலிடத்து உத்தரவு. நானே செக் பண்ணுவேன்."

"சரி சார்."

அதே முன்னூறு பலகைகளைக் கீழே இறக்கினார். முதல் பலகையைத் தரையில் கிடத்தி, புது நாட்டின் பட்டையை அதன் அடியில் பொருத்தி, மூன்று ஆணிகளை அடித்தார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒருத்தி எல்லோரிடமும் எங்கப்பா எங்கப்பா என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளை மறுபடி பார்க்க விடுவார்களோ மாட்டார்களோ, அதுவும் இந்த அதிகாரி கையில்தான் இருக்கிறது.

நாலாவதையும் அடித்தார். ஆடுகிறதா என்று பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆடவில்லை.